டாக்டர்களுக்கு மார்க் போட்ட கண்டக்டர்

அன்னூரிலிருந்து காந்திபுரம் போகிற காலை ஏழு பத்து பஸ்ஸில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் நோயாளிகள், மீதிப் பேர் நோயாளிகளுக்குத் துணைக்கு வருகிறவர்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். மில்லுக்கும் காலேஜுக்கும் போகிறவர்களும் உண்டு. ஆனால் கண்டக்டர் திருமலைசாமிக்கு அவர்களெல்லாம் வெறும் டிக்கெட். மடியில் எக்ஸ்ரே கவரை வைத்துக்கொண்டு முகத்தைத் தொங்கப் போட்டிருக்கிற ஆளைக் கண்டால்தான் மனுசனுக்கு உற்சாகம் பிறக்கும்.

"ஏனுங்க, ஆருக்குங்க ஒடம்பு சொகமில்லை? எந்த டாக்டருகிட்டப் போறீங்க?"

பெயரைச் சொன்னால் போதும், பரீட்சைப் பேப்பர் திருத்திய வாத்தியார் மாதிரி உடனே மார்க் வந்துவிடும்.

"அவருக்கு எழுவத்தஞ்சு குடுக்கலாமுங்க. நல்ல கை. ஆனா ஒம்பது மணிக்கு வாரேன்னு சொல்லிப்போட்டு பதினொண்ணுக்குத்தான் வருவாரு. அதுக்காகப் பத்து கொறைச்சுட்டேன்."

இந்த மார்க்கெல்லாம் வானத்திலிருந்து விழுவதில்லை. காலையில் போனவர்கள் சாயங்காலம் நாலு நாற்பதுக்கு அதே பஸ்ஸில்தான் திரும்ப வேண்டும். கணபதி தாண்டி உட்கார இடம் கிடைத்ததும் திருமலைசாமி பக்கத்தில் வந்து கம்பியில் சாய்ந்துகொள்வார். என்ன கேட்டார், எப்படிப் பேசினார், எத்தனை மாத்திரை எழுதினார் என்று கோவில்பாளையம் வருவதற்குள் கறந்துவிடுவார். எலும்பு, காது, கண், சர்க்கரை, குழந்தை என்று கோயமுத்தூரில் இருந்த அத்தனை ஸ்பெஷலிஸ்டுகளின் மார்க்கும் அவர் தலைக்குள் இருந்தது. வருஷம் தொண்ணூற்று மூன்று. வேறு எங்கே போய்க் கேட்பார்கள் சனங்கள்? கண்டக்டரைத்தான் கேட்டார்கள்.

நூறு மார்க்கில் ஐம்பது மரியாதைக்கு. "வாங்க" என்றாரா, உட்காரச் சொன்னாரா, சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டாரா, கூட வந்தவரையும் ஒரு வார்த்தை விசாரித்தாரா. எங்கள் பக்கத்தில் இதெல்லாம் சாமானியமான விஷயமில்லை. வைத்தியம் பிசகினால்கூட மன்னித்துவிடுவார்கள், பேச்சில் மரியாதை குறைந்தால் மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். மீதி ஐம்பது வைத்தியத்துக்கு. அது நல்லதா கெட்டதா என்று திருமலைசாமிக்கு எப்படித் தெரியும்? தெரியாதுதான். நன்றாகக் குணமானவர்கள் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுவதில்லை. ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்தவர்களும் ஏறுவதில்லை. இதை அவர் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

அவரையும் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுகிற, ஒரு காலத்தில் காடு தோட்டம் இருந்த குடும்பம். சித்தப்பா மகன்கள் கருமத்தம்பட்டியில் தறி போட்டு, அப்புறம் மில்லே வைத்து, கார் வாங்கிவிட்டார்கள். இவருக்கு வாய்த்தது தோல் பையும் விசிலும். கல்யாணம் காதுகுத்து என்றால் அவர்களுக்கு முன்வரிசை, இவருக்குப் பந்தி பரிமாறுகிற வேலை. ஆனால் பஸ்ஸுக்குள் அவர்தான் ராஜா. "கண்டக்டருங்களா, நீங்களே ஒரு டாக்டரைச் சொல்லுங்க" என்று யாராவது கேட்டால் மனுசனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். அதற்குப் பதிலாக அவரும் எல்லோருக்கும் மரியாதை கொடுத்தார். தோட்டத்து வேலைக்குப் போகிறவர்களை மற்ற கண்டக்டர்கள் "ஏய், உள்ள போ" என்று விரட்டுவார்கள். திருமலைசாமி அவர்களையும் "வாங்க, இப்பிடி உக்காருங்க" என்பார். அதில் பாசாங்கு கிடையாது.

இப்படிப்பட்டவர் அந்த வருஷம் ஐப்பசியில் மனைவி வெங்கடம்மாளைக் கூட்டிக்கொண்டு ஆர்.எஸ்.புரத்தில் கண் டாக்டர் ரங்கராஜிடம் போனார். வெங்கடம்மாளுக்குக் கண் அரித்து நீர் வடிந்துகொண்டிருந்தது. இரண்டரை மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால், டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ம், சொல்லு" என்றார்.

வெங்கடம்மாள் வாயைத் திறப்பதற்குள் திருமலைசாமி ஆரம்பித்துவிட்டார். "அது வந்துங்க டாக்டரய்யா, போன ஆடியில ஒரு காத்து அடிச்சுதுங்க, அன்னைக்குக் காட்டுல..."

"கண்ணு அவங்களுதா, உன்னுதா? நீ வெளிய நில்லு."

நீ! நாற்பத்தாறு வயது மனுசனைப் பார்த்து! திரைக்கு வெளியே வந்து நின்றபோது பெஞ்சில் இருந்த பன்னிரண்டு பேரும் அவரையே பார்த்தார்கள். மூன்று நிமிஷத்தில் வெங்கடம்மாள் வந்துவிட்டாள். "ஒண்ணும் இல்லியாமுங்க. தூசியாமா. நல்ல தண்ணியில கழுவுனாப் போதும், மருந்தே வேண்டாம்னுட்டாரு." சொன்னபடியே ஒரு வாரத்தில் சரியாகவும் போய்விட்டது. வெங்கடம்மாள் அதோடு மறந்துவிட்டாள். திருமலைசாமிக்கோ அது மறக்கிற காரியமாக இல்லை.

"ரங்கராஜ் டாக்டருங்களா? பத்து மார்க்குங்க. அதுவும் அந்தக் கட்டடத்துக்கு" என்று மறுநாளே பஸ்ஸில் ஆரம்பித்தார்.

டிரைவர் ரசாக்குக்கு அது பிடிக்கவில்லை. "அண்ணா, எங்கம்மாவுக்கு ரெண்டு கண்ணும் அவருதான் ஆபரேசன் பண்ணுனாரு. பேச்சு அப்பிடித்தான். ஆனா தங்கமான கை. இப்ப ஊசில நூல் கோக்குது எங்கம்மா."

"உன்னைய வெளிய நிக்கச் சொன்னாரா?"

"என்னைய உள்ளயே உடலீங்கண்ணா."

"அப்ப நீ பேசாத, ரோட்டைப் பாரு."

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கொஞ்ச நாளில் கோவில்பாளையத்து அம்மா ஒருத்தி மடக்கிவிட்டாள். "பேச்சு எப்பிடி இருந்தா என்னங்க? வைத்தியம் நல்லா இருந்தாப் போதாதுங்களா?"

நியாயமான கேள்விதானே. சுற்றி நாலு பேர் பதிலுக்குக் காத்திருந்தார்கள். திருமலைசாமியின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"என்னத்த வைத்தியமுங்க? போன மாசம் ஒருத்தரு நல்லாத் தெரிஞ்ச கண்ணோட உள்ள போயிருக்காரு. வெளிய வாரப்ப குருடுங்க."

"அய்யோ சாமி!" என்று அந்த அம்மா நெஞ்சில் கை வைத்தாள்.

அப்படி ஒருத்தர் போகவும் இல்லை, வரவும் இல்லை. பச்சைப் பொய். இரண்டு ஸ்டாப் வரைக்கும் உள்ளுக்குள் என்னவோ உறுத்தியது. சரவணம்பட்டியில் கூட்டம் ஏறியதும் அதுவும் அமுங்கிவிட்டது. நாலைந்து மாதம் கழித்து முன்பின் தெரியாத ஒரு பயணி அவரிடமே வந்து, "ரங்கராஜ்கிட்ட மட்டும் போயறாதீங்க, பெருந்துறைக்காரரு ஒருத்தருக்குக் கண்ணே போயிருச்சாமா" என்றார். தான் அவிழ்த்துவிட்ட பொய் ஊரெல்லாம் சுற்றி, தனக்கென்று ஒரு சொந்த ஊரையும் சம்பாதித்துக்கொண்டு வந்திருந்தது. அந்த நிமிஷம் திருமலைசாமிக்கு வெட்கம் வரவில்லை. சொல்லக் கூசுகிறது, ஆனால் சொல்லத்தான் வேண்டும். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

தொண்ணூற்றாறு மாசி மாதம் ஒரு காலையில் கணேசபுரம் ஸ்டாப்பில் மயில்சாமியும் அவன் சம்சாரம் ராமாத்தாளும் ஏறினார்கள். இரண்டு பேரும் தோட்டத்துக் கூலி வேலைக்குப் போகிறவர்கள். திருமலைசாமிக்குப் பல வருஷப் பழக்கம். ராமாத்தாள் தலையில் ஈரத்துண்டைக் கட்டியிருந்தாள். வலது கண் மிளகாய்ப் பழம் போலச் சிவந்திருந்தது. ஏறுவதற்கு முன்னால் ரோட்டோரம் வாந்தி எடுத்தாள்.

"நேத்துச் சாயங்காலமிருந்து தலை வெடிச்சறமாட்ட வலிக்குதுங்க. லைட்டைச் சுத்திக் கலர் கலரா வட்டம் தெரியுதுங்கறா" என்றான் மயில்சாமி. "விடியக்காலம் அன்னூரு தர்மாஸ்பத்திரில டாக்டரம்மா இதைய எழுதிக் குடுத்தாங்க."

திருமலைசாமி அவர்களை டிரைவருக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டுச் சீட்டை வாங்கிப் பார்த்தார். பத்தாவது வரைக்கும் படித்த இங்கிலீஷ் போதுமானதாக இருந்தது. டாக்டர் ரங்கராஜ், ஆர்.எஸ்.புரம். அதற்குக் கீழே 'இன்றைக்கே' என்கிற அர்த்தத்தில் ஒரு வார்த்தை. அதன் அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது.

அந்தப் பேரைப் பார்த்ததும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த இரண்டு கோடும் அவர் கண்ணில் படாமல் இல்லை. பட்டது.

"அந்த டாக்டரம்மா ஊருக்குப் புதுசுங்க. அவங்களுக்கு என்ன தெரியும்? இந்தாளுகிட்டப் போனவரு ஒருத்தருக்கு இருந்த கண்ணும் போயிருச்சுங்க. நாஞ் சொல்றனேன்னு நெனைக்காதீங்க, டாடாபாத்துல ஒருத்தரு இருக்காரு. தொண்ணூறு மார்க். மனுசரு பேசறதக் கேட்டாலே பாதி சரியாயிரும்."

ரசாக் மேலே இருந்த கண்ணாடியில் பார்த்தார். "எழுதிக் குடுத்திருக்காங்கல்லண்ணா, அங்கயே போகட்டுமே."

"நீ வண்டிய ஓட்டு."

மயில்சாமி மனைவியின் முகத்தைப் பார்த்தான், பிறகு கண்டக்டரைப் பார்த்தான். "நீங்க எங்க போகச் சொல்றீங்களோ அங்க போறமுங்க" என்றான். காந்திபுரத்தில் இறங்கி, டாடாபாத்துக்கு எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்று திருமலைசாமியே கூட நடந்து போய்க் காட்டிவிட்டு வந்தார்.

சாயங்காலம் ராமாத்தாளுக்கு வலி மாத்திரையில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. கண்ணில் சூடு ஏறிச் சீழ் பிடிக்கப் பார்க்கிறது என்று டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருந்தார். அவள் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. "உள்ள போனதும் சேரைக் காட்டி உக்காருங்கம்மான்னாருங்க. என்ற பேரைக் கேட்டுப்போட்டு, ராமாத்தாளம்மா, பயப்படாதீங்கன்னாரு. இத்தன வயசுக்கு என்னைய ஆரும் அப்பிடிக் கூப்புட்டதில்லீங்க" என்றாள். திருமலைசாமி அந்த டாக்டருக்கு இன்னும் ஐந்து மார்க் கூட்டினார்.

பதினெட்டு நாளில் நாலு தடவை போனார்கள். வலி குறைவதும் ஏறுவதுமாக இருந்தது. டாக்டர் ஒவ்வொரு தடவையும் சிரித்த முகத்தோடு சொட்டு மருந்தை மாற்றினார். அப்புறம் ஒரு மாதம் போல அவர்களைக் காணவில்லை. குணமாகிவிட்டது போல என்று திருமலைசாமி நினைத்துக்கொண்டார்.

சித்திரையில் ஒருநாள் சாயங்காலம் காந்திபுரத்தில் மயில்சாமியோடு ராமாத்தாள் ஏறினாள். கம்பியைத் தடவித்தான் ஏறினாள். திருமலைசாமி டிக்கெட்டைக் கிழித்து அவளுக்கு வலது பக்கமாக நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"டிக்கெட்டுங்க அம்மா."

அவள் கழுத்தை முழுசாகத் திருப்பிப் பார்த்தாள். மயில்சாமிதான் கை நீட்டி வாங்கினான். "அந்தப் பக்கம் அவளுக்குத் தெரியாதுங்க. போயிருச்சுங்க."

மயில்சாமி சாவதானமாகச் சொன்னான். "பெரியாஸ்பத்திரில பாத்தமுங்க. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பு செத்துப்போச்சாமா. வலி வந்த அன்னைக்கே பாத்திருந்தாக் காப்பாத்தியிருக்கலாமாமுங்க. இன்னொரு கண்ணுக்கும் இதேமாதிரி வருமாமா. நாளைக்கே வந்தாலும் வருமாமா. அதுக்குள்ள லேசர்னு ஒண்ணு வெச்சுட்டாத் தப்பிச்சுக்குமாம். அதுக்கும் அந்த ரங்கராஜுக்கேதான் எழுதிக் குடுத்தாங்க."

"போனீங்களா?"

"எங்கீங்க போறது? சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டமுங்க. நீங்க அன்னைக்குச் சொல்லலீன்னா அந்தாளுகிட்டப் போயி ரெண்டு கண்ணையும் குடுத்துப்போட்டு வந்திருப்போம். உங்க புண்ணியத்துல ஒண்ணாச்சும் மிஞ்சுச்சுங்க." மயில்சாமி இரண்டு கையையும் கூப்பினான். "கடலை புடுங்கி முடியட்டும், மதுரைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கறேன். ஒரு ரெண்டு மாசம்."

கும்பிடுகிறானே! செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். ரசாக் முன்னாலிருந்து, "ரைட்டாண்ணா? ரைட்டா?" என்று கத்திக்கொண்டே இருந்தார். விசில் வாயில்தான் இருந்தது. அவர் ஊதவில்லை.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மறுநாளும் தட்டில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெங்கடம்மாள் விடாமல் குடைந்து எல்லாவற்றையும் வாங்கிவிட்டாள். கேட்டு முடித்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"அன்னைக்கு அந்த டாக்டரு என்னங்க தப்பாச் சொன்னாரு? ஒண்ணுமில்லைன்னாரு. ஒண்ணுமில்லாமத்தான் போச்சு. அதுக்கா இத்தனை?"

"எல்லாரு முன்னாலயும் வெளிய போன்னுட்டான் அம்மணி."

"சரீங்க. அதுக்கு அந்தப் பொம்பளை என்ன பண்ணுனா?"

வெங்கடம்மாள் தட்டை எடுத்து வைத்தாள். "ரெண்டு மாசம்னு சொல்றாங்க. அதுக்குள்ள அந்தக் கண்ணும் போச்சுன்னா நம்மூட்டுல வெளக்கேத்த வேண்டாம். போயிச் சொல்லீட்டு வாங்க. சொன்னது பொய்யின்னு சொல்லுங்க."

சொல்வது என்ன சுலபமா? பஸ்ஸில் வைத்து, "இல்லீங்க, நான் கேள்விப்பட்டது தப்பு, ரங்கராஜ் நல்ல டாக்டர்தான்" என்று பட்டும் படாமலும் சொல்லிப் பார்த்தார். மயில்சாமி சிரித்தான். "உங்களுக்கு எளகுன மனசுங்க. பெரியாஸ்பத்திரிக்காரங்க சொன்னதும் நீங்களும் மாத்திக்கிட்டீங்க. நீங்க மொதல்ல சொன்னதுதானுங்க நெசம்" என்றான். பொய்யைச் சொல்லி நம்ப வைக்க அரை நிமிஷம் போதுமானதாக இருந்தது. அது பொய் என்று நம்ப வைக்க, அதைச் சொன்ன ஆளே வந்து நின்று சொன்னாலும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கணேசபுரத்துக் காலனிக்கு நடந்தே போனார். ராமாத்தாள் வாசலில் சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வெங்காயத்தையும் இடது கண்ணுக்கு நேராகக் கொண்டுபோய்ப் பார்த்துத்தான் கத்தியை வைத்தாள். கண்டக்டரே வீடு தேடி வந்துவிட்டார் என்று மயில்சாமி பதறிப்போய்ப் பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கி வந்து போட்டான். திருமலைசாமிக்கு அதில் உட்கார மனம் வரவில்லை.

"மயில்சாமி, நான் ஒண்ணு சொல்றனுங்க. நடுவுல பேசாமக் கேளுங்க. ரங்கராஜ் டாக்டருகிட்ட ஆருக்கும் கண்ணு போகலை. அது நானாச் சொன்னது. என்னைய அவரு வெளிய நிக்கச் சொன்னாரு, அந்தக் கோவத்துல சொன்னது. சாமி சத்தியமாப் பொய்யுங்க."

மயில்சாமி நம்பவில்லை. சந்தேகமாகப் பார்த்தான். "ஏனுங்க, அந்த டாக்டரு ஆளுங்க ஏதாச்சும் உங்களை மெரட்டுனாங்களா? இல்லாட்டிக் கையில எதாச்சும்..." என்று இழுத்தான்.

ராமாத்தாள் கத்தியைக் கீழே வைத்தாள். அவள் நம்பிவிட்டாள். "ஊரெல்லாம் சொல்றாங்களே, அந்தப் பெருந்துறைக்காரருங்க?" என்று கேட்டாள்.

"அப்பிடி ஒருத்தரு இல்லீங்க அம்மா."

"அப்பக் கண்ணு போனது ஆருக்குங்க?"

"ஆருக்கும் போகலீங்க."

"எனக்குப் போச்சுங்களே" என்றாள் ராமாத்தாள். சத்தம் போடவில்லை. திருமலைசாமி அந்த வாசலிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மயில்சாமிக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு நிமிஷம் அவன் கை ஓங்கிவிடும் போலத்தான் இருந்தது. அப்புறம் வீட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

ராமாத்தாள் வெங்காயத்தை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு எழுந்தாள். "நாளைக்கு அங்க கூட்டிட்டுப் போங்க. எனக்கு இந்தக் கண்ணு வேணுமுங்க."

திங்கட்கிழமை திருமலைசாமி லீவு போட்டுவிட்டு அவர்களோடு பயணியாகப் போனார். ஆர்.எஸ்.புரத்தில் அதே பெஞ்சு, அதே திரை. கூட வந்தவர்களும் உள்ளே நிற்கலாம் என்று கம்பவுண்டர் அன்றைக்கு விட்டுவிட்டார். உள்ளே சொட்டு மருந்து விட்டுக்கொண்டு இன்னும் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் ரங்கராஜுக்கு இவரை அடையாளமே தெரியவில்லை. இரண்டரை வருஷமாக இவர் பஸ்ஸில் நடத்திய யுத்தம் எதுவும் அந்த மனுசனின் காதுக்குக்கூடப் போயிருக்காது போல.

டாக்டர் முதலில் வலது கண்ணைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் இடது கண்.

"இது எப்ப வந்துச்சு?"

"மாசியிலங்க. அன்னூரு தர்மாஸ்பத்திரில காட்டிப்போட்டு, டாடாபாத்துல சொட்டு மருந்து விட்டமுங்க."

"மாசியிலயா? அன்னூர்ல பாத்த டாக்டர் என்கிட்டப் போகச் சொல்லி எழுதித் தரலியா?"

"தந்தாங்க. இன்னைக்கேன்னு எழுதித்தானுங்க தந்தாங்க."

"தந்தாங்களா? அப்புறம் எவன் பேச்சைக் கேட்டு எங்கயோ போயி சொட்டு மருந்து விட்டுக்கிட்டிருந்தே? யாரு உனக்கு அப்படிச் சொன்னது?"

அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மயில்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். திருமலைசாமி திரையோரம் நின்றிருந்தார். வாயைத் திறந்தால் போதும். இருபது வருஷமாக அன்னூருக்கும் காந்திபுரத்துக்கும் நடுவில் ஓயாமல் பேசின வாய். அன்றைக்குத் திறக்கவில்லை. டாக்டர் என்ன சொல்வார், அந்த மூன்று பேரும் எப்படிப் பார்ப்பார்கள் என்பதிலேயே அவர் மனசு நின்றுவிட்டது.

"ஆரும் சொல்லலீங்க. நாங்களாத்தானுங்க போனம்" என்றாள் ராமாத்தாள்.

"அறிவு இருக்கா உனக்கு? இன்னைக்கேன்னு எழுதித் தந்தா ஊர் சுத்தப் போவியா? ஒரு கண்ணைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு வந்திருக்கே!"

"தப்புத்தானுங்க" என்று அவள் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

டாக்டர் வைதுகொண்டேதான் இருந்தார். ஆனால் அவள் எழுந்தபோது வலது பக்கம் மேசையின் இரும்பு முனை நீட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தெரியாத பக்கம். டாக்டர் பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டி அந்த முனையை மூடிக்கொண்டார். அவள் இடுப்பு அவர் கையில் இடித்தது. பக்கத்து அறைக்கு அவரே கூட்டிப் போய் லேசர் மிஷினுக்கு முன்னால் உட்கார வைத்தார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. "இந்தக் கண்ணுக்கு இனி அது வராது. ஒரு வாரம் கழிச்சு வா, அழுத்தம் பாக்கணும். வராம இருந்தே, ஆளை விட்டுத் தூக்கிட்டு வரச் சொல்லுவேன்" என்றார்.

வெளியே வெயில் கொளுத்தியது. பஸ் ஸ்டாப்பில் மயில்சாமி தண்ணீர் வாங்கி வருவதற்காகப் பக்கத்து பேக்கரிக்குப் போனான். வண்டிகள் வேகமாக வந்துகொண்டிருந்தன. இடித்துவிடப் போகிறதே என்று திருமலைசாமி ராமாத்தாளுக்கு வலது பக்கம் ரோட்டை மறைத்தாற்போல நின்றார். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. மன்னிச்சுக்குங்க என்று சொல்லலாம். உங்களுக்குப் பெரிய மனசு என்று சொல்லலாம்.

"அம்மா..." என்றார்.

"இந்தப் பக்கம் வாங்க" என்றாள் ராமாத்தாள். "அந்தப் பக்கம் நின்னீங்கன்னா எனக்கு ஆளு தெரியாதுங்க."

அவர் சுற்றி வந்து இடது பக்கம் நின்றார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"உள்ள உங்க பேரைச் சொல்லலீங்கறதுனால எனக்குக் கோவம் இல்லீன்னு நெனச்சுக்காதீங்க. இருக்குதுங்க. காடு தோட்டமெல்லாம் நாலு பேரு முன்னால பேச்சு வாங்கியே வளந்தவங்க நாங்க. அது எப்பிடி இருக்கும்னு எங்களுக்குத் தெரியும். நீங்க எங்களைய எப்பவும் மரியாதையாத்தான் நடத்துனீங்க. அதனால உங்களைய அப்பிடி நிக்க வைக்க எனக்கு வாய் வரலீங்க."

பஸ் ஒன்று வந்து நின்று புறப்பட்டது. அவர்களுடையது இல்லை.

"ஆனா டாக்டரு கேட்டதும் நான் ஒடனே சொல்லலீங்க. கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் சொன்னேன். நீங்களாச் சொல்லிருவீங்கன்னு பாத்தனுங்க."